பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

இன்று காலை எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் பெரியப்பா மகன். அவருடைய பையன் ஆறாம் வகுப்புதான் படிக்கிறான், யாருக்குக் கல்யாணம் என்று உற்றுப் பார்த்தேன். பத்திரிகையே இல்லை; போனில் ஏற்றச் சொல்லும் ஏதோ ஒரு செயலி. ஏற்றியிருந்தால் என் பெயரிலும் ஊருக்கெல்லாம் பத்திரிகை போயிருக்கும். ‘யாரும் தொடாதீங்க’ என்று எழுதிப் போட்டுவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தேன். பயமெல்லாம் இல்லை. இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு எதுவுமே தோன்றாமல் போய் ரொம்ப நாளாகிறது.

குமாரபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது வைரஸ் எங்களுக்கு அன்றாட விருந்தாளி. பென் டிரைவில் ஏறி வரும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை ஒளித்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வைத்திருக்கும். போலியைத் தொட்டால் நம் கணினியில் குடியேறி, அடுத்துச் செருகும் பென் டிரைவுக்கும் தொற்றும். “ஏனுங்க, கொழந்தை போட்டோ பூராம் காணமுங்க!” என்று பதறி வருவார்கள். இரண்டு வரி கட்டளை அடித்து, ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவருவேன். டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்த டாக்டர்தான் ஆல்பம் டிசைன் செய்யும் மென்பொருளைத் திருட்டுத்தனமாக இறக்கினான். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஏறுவேன் என்றது. அணைத்தேன். மறுபடி போட மறந்தேன். கதவைத் திறந்துவிட்டுத் தூங்கப் போன கதை. நல்ல மென்பொருள் மாதிரி உள்ளே வந்து, தனக்கான நேரத்துக்காக வேறொன்று காத்துக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

ஸ்டுடியோ முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. முடிந்த வேலைகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்ததும் வயரைப் பிடுங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். கணினிக்கு எந்தச் சீக்கு வந்தாலும் பீரோவுக்குள் வராது. இதைவிடப் பெரிய பாதுகாப்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த டிஸ்கில்தான் சின்ராசு அண்ணன் மனைவியின் வளைகாப்பு வீடியோ இருந்தது. அவர் பக்கத்துத் தெருவில் தறி ஓட்டுகிறவர். வளைகாப்பு முடிந்து ஒரு மாதத்தில், பிரசவத்தில், அந்த அக்கா போய்விட்டார். பெண் குழந்தை பிழைத்தது. அக்கா பேசி நடமாடுகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். கேமரா கார்டை வழக்கம்போல அடுத்த கல்யாணத்துக்கு அழித்துவிட்டிருந்தோம். சின்ராசு அண்ணன் அதை வாங்கிக்கொண்டு போகவே இல்லை. பார்க்கத் தெம்பில்லை என்பார். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வாசலில் நின்று கேட்பார்.

“தம்பி, அது இருக்குதுங்களா?”

“பத்திரமா இருக்குதுங்கண்ணா.”

போய்விடுவார்.

ஆயுத பூஜை வந்தது. தறிகளெல்லாம் நின்று, ஊரே காது அடைத்தாற்போல் இருக்கும் நாள். கேமரா, லைட், கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். முதலாளி அண்ணன் பீரோவைத் திறந்தார். “இதுவுந்தான் சோறு போடுது சாமி. இதை மட்டும் பீரோவுக்குள்ள பூட்டி வெக்கறதா?” சந்தனம் வைத்துக் கணினி பக்கத்தில் வைத்தார். அணைந்து கிடக்கிற சாமானுக்கு யாராவது சூடம் காட்டுவார்களா என்று எனக்குத் தோன்றியது. வயரைச் செருகினேன். நீல விளக்கு எரிந்தது, கும்பிட்டோம். பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

மறுநாள் திரையில் சிவப்பு எழுத்து. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி என்றது. டிஸ்கிலும் அதே கதைதான். பூட்டியதை அப்படியே வைத்திருந்தால் என்றாவது யாராவது சாவியைக் கண்டுபிடித்து வெளியிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. முகூர்த்த வேலை குவிந்து கிடந்தது. இரண்டையும் நானே துடைத்துச் சுத்தமாக்கினேன்.

அடுத்த தடவை சின்ராசு அண்ணன் வந்து கேட்டபோதும் “இருக்குதுங்கண்ணா” என்றேன். வாய் பழகியிருந்தது. இரண்டு வருடம் அப்படியே சொன்னேன். உறுத்தியதா என்றால், முதல் இரண்டு தடவை உறுத்தியது.

பிறகு ஒருநாள் மகளோடு வந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இரண்டாம் வகுப்புச் சீருடை.

“பாப்பா கேக்குதுங்க தம்பி. இன்னைக்குப் பாத்துரலாம்னு வந்தோம்.”

சொன்னேன். வைரஸ் வந்து வீடியோ அழிந்துவிட்டது, இரண்டு வருடம் ஆகிறது என்று.

“போன மாசங்கூட இருக்குதுன்னீங்களே.”

“ஆமாங்கண்ணா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். குழந்தைதான் என்னைக் கேட்டது: “நீங்க பாத்தீங்கல்ல? எங்கம்மா அதுல என்ன பேசுனாங்க?”

பார்த்தேன். அந்த வீடியோவை வெட்டி ஒட்டியதே நான்தான். கை நிறையப் பச்சை வளையலோடு கேமராவைப் பார்த்து அந்த அக்கா மூன்று நிமிடம் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். எல்லா வளைகாப்புக்கும் செய்வதைத்தான் அதற்கும் செய்தேன்: சத்தத்தை முழுதாக அணைத்து, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். அவர் பேசியதை ஒருதரம்கூட நான் கேட்டதில்லை.