இரவல் கொடுப்பதற்காகச் செய்த கம்ப்யூட்டர்

ஓய்வு பெற்ற பிறகு நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட மதர்போர்டு, ஒரு பக்கம் நெளிந்த கேபினட், மங்கலான மானிட்டர் என்று ஒவ்வொன்றாக எங்கள் ஊரான எருத்தேன்பதிக்குக் கொண்டுவந்தேன். பொருத்தி முடித்ததும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன்: யாருடைய கம்ப்யூட்டர் கெட்டாலும் இதை எடுத்துப் போகலாம், அது சரியானதும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

முதலில் வாங்கிப்போனவன் தம்பி மகன். திரும்பி வந்தபோது கீபோர்டில் சாம்பார். சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குழுவில் போட்ட அறிவிப்பை அழிக்கவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தங்கை மகள் வந்தாள். கணவனை இழந்தவள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யும்படியான ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பதினோரு மணிக்கு ஆன்லைன் தேர்வு.

“என்ற கம்ப்யூட்டரு காத்தால இருந்து ஆனே ஆகலீங்க மாமா. உங்குளுது குடுத்தீங்கன்னா சாயங்காலமே கொண்டாந்துருவனுங்க.”

“இன்னைக்கு வெள்ளிக்கெழமை அம்மிணி. ஊட்டுச் சாமான வெளிய குடுக்கறதில்ல. வேணுன்னா இங்கயே உக்காந்து எழுது.”

“மாமியாளத் தனியா உட்டுப்போட்டு எப்படிங்க?”

அவளால் முடியாது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். அவள் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பொருளைக் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். முப்பது வருடம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. அவளுக்கு உண்டு. அதனால் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, போன வெள்ளிக்கெழமை பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மோட்டாரையே கழட்டிக் குடுத்தீங்க. லட்சுமிக்கு அன்னைக்கு லீவுங்களா?”

தேர்வுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆட்டோவில் போட்டால் தங்கை மகள் வீட்டுக்குப் பத்து நிமிடம். செய்தித்தாளை எடுத்து வரி விளம்பரம் வரைக்கும் படித்தேன்.

அவள் செல்போனில் எழுதிப் பார்த்திருக்கிறாள். பாதியில் நின்றுபோனது. அந்த வேலைக்கு மறுதேர்வு கிடையாது.

மறுநாள் கம்ப்யூட்டரை நானே எடுத்துக்கொண்டு போனேன். சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள, ஆட்டோவிலேயே வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

“வெள்ளிக்கெழமைங்கறதையே மறந்துபோட்டு வந்து கேட்டுட்டனுங்க மாமா. எம்மேலதான் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள்.

நான் காபியைக் குடித்தேன். மானிட்டர் ஒயரை எதில் செருக வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.