வீரமுத்து மாட்டியது புது ரேடியேட்டர்தான்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் புக்கிட் பெருவாங்கில், ரத்தம் கழுவும் நிலையத்துக்கு வெளியே, காரின் பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே என் மனைவி அஞ்சலை மெஷினில் படுத்திருந்தாள். அவளுடைய தம்பி, என் மைத்துனர் வீரமுத்து அவர்கள், எட்டரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். அன்று வரவில்லை. ஒன்பது மணிக்கு மேல் ஃபோன் அடித்தது. அவருடைய மகன் பேசினார்.

"அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு மாமா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள..."

அதற்குள் உயிர் போய்விட்டிருந்தது.

அஞ்சலை மெஷினை விட்டு எழுந்திருக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. நடுவில் சொன்னால் பிரஷர் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் காரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் தம்பியிடம் பேசி மூன்று வருடமாகிறது. அது என்னால் வந்த வினை. அதை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காக இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறார். "வேண்டாம் மாமா, இதையெல்லாமா அச்சடிப்பாங்க?" என்று இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டார். எழுதும்மா என்றேன்.

வீரமுத்து அவர்கள் லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நான் அஞ்சலையைக் கட்டும்போது அவருக்குப் பத்து வயதிருக்கும். தோட்டத்து லாரிக் கொட்டகையில் எஞ்சின் சாமான் கழுவிக் கொடுத்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டார். தோட்டம் விற்றுப் போன பிறகு டுரியான் துங்காலில், தகரக் கூரை போட்டு, சொந்தப் பட்டறை வைத்தார். குடி கிடையாது. கோபம் உண்டு, ஆனால் அது காரைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள்மேல்தான்.

அவர் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. கொதித்துக்கொண்டு வருகிற வண்டியின் ரேடியேட்டர் மூடியை யாரும் தொடக்கூடாது. வந்தவர் எவ்வளவு பெரிய அவசரக்காரராக இருந்தாலும் பலகையில் உட்கார்ந்து ஒரு தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், குடிக்க வேண்டும். ஒரு தடவை ஒரு கங்காணி வீட்டுப் பிள்ளை, ஆபீசுக்கு நேரமாகிறது என்று குதித்தார். "நீ ஆபீசுக்கு லேட்டாப் போனா முதலாளி திட்டுவான். இதை இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்து போவும்லா. எது வேணும், நீயே சொல்லு," என்றார் மைத்துனர். அந்தப் பிள்ளை இன்னொரு தே ஓ கேட்டார். மைத்துனரின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து ஆறிய தழும்பு இருந்ததைப் பட்டறைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அது இளம் வயதில் அவரே மூடியைத் திறந்து வாங்கியது.

அஞ்சலைக்குச் சிறுநீரகம் போனதும் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் கழுவ வேண்டும் என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி. எங்கள் வீட்டிலிருந்து புக்கிட் பெருவாங்குக்கு ஒரு மணி நேர ஓட்டம். என்னிடம் இருந்ததோ இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார். அதன் ரேடியேட்டரில் ஒரு பக்கம் தண்ணீர் கசிந்தது.

அப்போதே மைத்துனரிடம் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்கள் கசிகிற ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவார்கள். சூட்டில் அது ஊறி ஓட்டையை அடைத்துவிடும். அந்த நினைப்பில் அடுப்படியிலிருந்து ஒரு கை மஞ்சள் தூளை எடுத்துக் கரைத்து ஊற்றினேன். கசிவு நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நாளில் மறுபடி கசிந்தது, மறுபடி ஊற்றினேன். இப்படியே அரை வருடம். பிறகு காரின் சூடு காட்டும் முள் தினம் மேலே ஏறத் தொடங்கியது.

பட்டறைக்குக் கொண்டு போவதற்கு முந்தின நாள், ரேடியேட்டரில் இருந்த மஞ்சள் தண்ணீரையெல்லாம் வீட்டிலேயே திறந்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பினேன். மைத்துனர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம்.

அவர் என் கண்ணெதிரே பெட்டியைப் பிரித்துப் புது ரேடியேட்டரை மாட்டினார். ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போட்டார். எஞ்சினுக்குள் குழாய் விட்டுக் கழுவினார். பச்சைக் கூலண்டை ஊற்றி மூடினார். "இனிமே மூடியைத் தொடாதீங்க மாமா. தண்ணிகூட ஊத்த வேணாம். ஏதாவதுன்னா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க," என்றார்.

பத்து நாள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காரை வீட்டில் நிறுத்தியபோது அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மறுநாள் செவ்வாய், அஞ்சலையைக் கூட்டிப்போக வேண்டும். ஃபோன் போடவில்லை. மஞ்சள் தூள் டப்பாவைத்தான் எடுத்தேன். அடுத்த நாளும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் போட்டேன். அதற்கடுத்த வாரமும் போட்டேன்.

பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் இடைவெளியில் அஞ்சலையின் உடம்பில் நீர் ஏறியிருந்தது. அலோர் காஜா தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் இருக்கிற இடத்தில் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. பொனெட் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. கார் நின்றுவிட்டது. கை காட்டிப் பார்த்தேன், யாரும் நிறுத்தவில்லை. அஞ்சலை மூச்சுக்குத் திணறினாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, மூச்சு வரலைங்க," என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் காய்கறி வேன் ஓட்டிவந்த ஒரு மலாய்க்காரர்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். நான்கு நாள் கிடந்தாள்.

மைத்துனர் காரை இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்தார். என்னைப் பட்டறைக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில், ரேடியேட்டரை அடைத்திருந்த மஞ்சள் சேறு. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார்.

"மாமா, எஞ்சினுக்குள்ள சாம்பாரா வெச்சீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காருக்கு அடியில் சொட்டியதையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அது ஏர்கோன் தண்ணி மாமா. ஏசி போட்டா எல்லாக் காருலயும் சொட்டும்."

அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொல்கிறேன். "வாரத்துக்கு மூணு நாளு அக்கா உங்க காருலதான் ஏறணும். உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா ஏற மாட்டா. அவ பிடிவாதம் எனக்குத் தெரியும். ஏறலைன்னா செத்துப் போயிருவா. எம்மேல கோவிச்சுக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

அன்று மாலை ஆஸ்பத்திரியில், சொந்தபந்தம் எல்லாரும் நிற்கும்போது, தான் பழைய ரேடியேட்டருக்குப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டதாக அக்காவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"கூடப் பொறந்தவளுக்கே பழசை மாட்டுனியாடா? இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராத," என்றாள் அஞ்சலை.

அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போனது. சொந்த அக்காவையே ஏமாற்றியவன் நம்மை விடுவானா என்றார்கள். பட்டறைக்கு வண்டிகள் குறைந்தன. மைத்துனர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. என் காருக்கு இன்னொரு புது ரேடியேட்டர் போட்டார். வேறு பட்டறையில் போட்டதாக அக்காவிடம் சொல்லச் சொன்னார், அப்படியே சொன்னேன். அதன் பிறகு வாரம் மூன்று நாளும் அஞ்சலை உள்ளே போனதும் அவர் வருவார். கூலண்ட் அளவு, குழாய், காற்றாடி எல்லாம் பார்ப்பார். "அக்கா எப்படி இருக்கா, சாப்பிடுறாளா?" என்பார். அவள் வெளியே வருவதற்குள் போய்விடுவார். மூன்று வருடம், மழையானாலும் வெயிலானாலும்.

அவர் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அஞ்சலை ஊசி குத்திய கையில் கட்டோடு வெளியே வந்தாள். காரில் உட்காரவைத்துத் தம்பி தவறிவிட்டதைச் சொன்னேன். அவள் அழவில்லை. "பேசியிருக்கலாம்," என்றாள். "என்ன இருந்தாலும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டுரியான் துங்கால் போகும் வழியில் காரை ஓரம் கட்டினேன். மஞ்சள் தூளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாரா வாரம் வந்து நின்றதையும் சொன்னேன்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் உள்ள படுத்திருக்கிறப்ப எல்லாம் அவன் வெளியதான் நின்னானா?"

ஆமாம் என்றேன்.

மைத்துனர் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அஞ்சலை தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்த வெந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "என் தம்பி புதுசுதான் மாட்டுனான். கெடுத்தது என் வீட்டுக்காரரு," என்றாள். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். உள்ளே போகவில்லை. புதன்கிழமை தகனத்தின்போதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே பயம். நீங்கள் பயந்தது நடந்துவிடுமோ என்ற பயம், மச்சான். வியாழக்கிழமை விடியும்போது காரைத் துடைத்து, வாசலில் நிறுத்தி, முன் கதவைத் திறந்து வைத்தேன். அக்கா வந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். அதைச் சாத்தினாள். பின் கதவைத் திறந்து, பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் பின்னால் உட்கார்ந்ததில்லை. வழி நெடுக ஒரு பேச்சும் இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

ஆனால் ஏறிவிட்டாள், மச்சான். ஒரு நாளும் தவறவில்லை. அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும். நிம்மதியாகப் போய் வாருங்கள்.