ரோஸ்லின் டீச்சரின் வண்டி குடித்த ஆயில்

பழைய காரில் ஆயில் குறைகிறது என்றால் எங்கள் தொழிலில் மூன்றே காரணம்தான்: சொட்டுகிறது, எரிகிறது, இல்லாவிட்டால் ஓனர் எதையோ சொல்லாமல் விடுகிறார். ஜோகுபாளையத்தில் அப்பாவுக்கு ஒரு கார் ரிப்பேர் ஷெட் இருக்கிறது. பி.யூ.சி. முதல் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு, "இவ வீட்டுல இருந்தா அக்கம்பக்கம் சண்டைக்கு வருது" என்று அம்மா என்னை அங்கே அனுப்பிவிட்டாள். போன் எடுப்பதும் ஜாப் கார்டு எழுதுவதும் என் வேலை. ஒருவர் பேசியதைக் கேட்டால் அவர் குரலிலேயே திருப்பிப் பேசுவது என் வியாதி.

பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிற சக பாவிகளே, இதில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக. ஆனால் இப்போது தரமாட்டேன், கடைசியில்தான். தினமும் காலையில் நாலு தடவை சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்கள்தானே நீங்கள்? இதற்கும் கொஞ்சம் காத்திருங்கள்.

புகைக்குப் பின்னால் வந்தவர்

ஒரு திங்கட்கிழமை எங்கள் சந்துக்குள் முதலில் நீலப் புகை வந்தது. அப்புறம் வெளிர்பச்சைக் கார் ஒன்று வந்தது. அதிலிருந்து ரோஸ்லின் டீச்சர் இறங்கினார். அல்சூரில் குடியிருக்கும் கணக்கு டீச்சர். வண்டி என்னைவிட எட்டு வயது மூத்தது. அவர் சம்பளத்தில் அவரே வாங்கியது, அவரே ஓட்டுவது. வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் சீட் மாறியதில்லையாம்.

மூன்று மாதமாக ஆயில் குறைந்துகொண்டே போகிறது. ஏற்கெனவே இரண்டு ஷெட்டில் பார்த்து, இன்ஜினைப் பிரிக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் சாக்கு என்று வீட்டுக்காரர் அத்திபெலே புரோக்கர் நாராயணப்பாவிடம் சொல்லிவைத்துவிட்டார். சனிக்கிழமை காலை அவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அப்பா பானெட்டைத் திறப்பதற்குள் டீச்சர் கெடு வைத்துவிட்டார்.

"மேஸ்திரி, இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள ஆயில் எங்க போகுதுன்னு சொல்லணும். சொன்னீங்கன்னா வண்டி எனக்கு. சொல்லலைன்னா நாராயணப்பாவுக்கு. அப்புறம் நான் பஸ்ல தொங்கிட்டுப் போகணும், இவரையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டு!"

அட்டை வைத்தியம்

முதல் வைத்தியம் அட்டை. இன்ஜினின் அடிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, கீழே ஒரு பெரிய அட்டையைப் போட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுவது. காலையில் எங்கே கறை இருக்கிறதோ அதற்கு நேர் மேலே ஒழுகல். மறுநாள் அப்பாவுக்கு முன்னால் நான் போய்ப் பார்த்தேன். ஐந்தே ஐந்து சொட்டு, அதுவும் இன்ஜின் மூச்சு விடுகிற பைப்புக்கு நேர் கீழே. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பக்கத்தில் கழிவு ஆயில் டப்பா இருந்தது, எனக்கு ஒரு விரலும் இருந்தது.

அப்பா வந்தார், குனிந்தார், "ஐயையோ, இவ்வளவா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு பாஷா பாயைக் கூப்பிட்டார். பாஷா பாய் அப்பாவிடம் ரொம்ப வருஷமாக இருக்கும் ஃபிட்டர். அவசரமே படமாட்டார். கண்ணாடியை எடுத்து, லுங்கியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, அட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மேஸ்திரி, இது லீக் இல்ல, கர்நாடகா. இதோ மேல பெல்காம், இந்தாண்ட பெல்லாரி, கீழ மூலையில ஆனேக்கல்கூட விட்டுப்போகல. நம்ம பாப்பா ஜியாக்ரபில பாஸ்!"

என் தொண்டைக்குள் ஒருவர் குடியேறினார்

அன்றைக்கு மத்தியானமே நாராயணப்பா வண்டியை ஒரு நோட்டம் பார்க்க வந்தார். இடுப்பில் பேஜர், கையில் குடை. டயரை ஒரு உதை, கதவை ஒரு தட்டு. எது சொல்வதானாலும், "ஒந்து மாத்து ஹேள்தீனி" என்று ஆரம்பிப்பார். ஒரே ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று அர்த்தம், ஆனால் ஒன்றோடு நிறுத்தினதே இல்லை. மூக்கில் பாதி, தொண்டையில் பாதியாக, கன்னடத்தைத் தமிழ்மேல் தாளித்துக் கொட்டியது போன்ற பேச்சு. இப்படிப்பட்ட குரல் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

அவர் போய் அரைமணி நேரத்தில் குரல் எனக்குப் பிடிபட்டுவிட்டது. தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஒந்து மாத்து ஹேள்தீனி பாயி, குடை மறந்துபுட்டேன்" என்றேன். பாஷா பாய் வேலையைப் போட்டுவிட்டு, "தோ, பார்க்கறேன் சாமி" என்று ஷெட் முழுக்கக் குடையைத் தேடினார். மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தார். நான் சிரிப்பு தாங்காமல் வெளியே வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தார்.

"அரே பாப்பா, இதெல்லாம் நக்கோ, வேணாம். நாளைக்கு நிஜ ஆளே வந்து நிப்பான், நான் 'போ பாப்பா, வேலையைப் பாரு'ன்னு துரத்திவுட்டுடுவேன்."

தங்கமான இன்ஜின்

புதன்கிழமை அப்பா கம்ப்ரஷன் பார்த்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டர் வைத்து, இன்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்க்கிற வேலை. தேய்ந்த இன்ஜின் என்றால் முள் ஏறாது. இதில் நாலு ஓட்டையிலும் முள் ஜம்மென்று ஏறியது. அப்பாவுக்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. தங்கமான இன்ஜின், ஆனால் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் மட்டம் 'ஃபுல்' கோட்டையும் தாண்டி நிற்கிறது!

அதற்கு அப்பாவே ஒரு சமாதானம் வைத்திருந்தார். டாக்டரிடம் போகுமுன் தலை வாரிக்கொள்கிற மாதிரி, எல்லோரும் ஷெட்டுக்கு வருமுன் ஆயில் ஊற்றிக்கொண்டுதான் வருவார்கள். அன்று சாயங்காலம் டீச்சர் வந்ததும், "ஊத்திட்டுத்தானே கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார். "ஊத்தாம எப்படி மேஸ்திரி ஓட்டறது?" என்றார் டீச்சர். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. மிச்சமிருப்பது வால்வுதான், அதைப் பார்க்க இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றியே ஆகவேண்டும் என்றார் அப்பா. டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"விடை வரலைன்னா நோட்டைக் கிழிக்கக் கூடாது மேஸ்திரி. எந்த ஸ்டெப்பை விட்டோம்னு திரும்பிப் பார்க்கணும்."

வியாழக்கிழமை நாராயணப்பா

எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா சாமான் வாங்க ஜே.சி. ரோடு போயிருந்தார், பாஷா பாய் டீக்குப் போயிருந்தார். ஜாப் கார்டில் டீச்சர் வீட்டு நம்பர் இருந்தது, என் தொண்டையில் நாராயணப்பா இருந்தார். சனிக்கிழமையைத் திங்கட்கிழமையாக்கிவிட்டால் அப்பாவுக்கு இரண்டு நாள் கூடக் கிடைக்குமே! நம்பரைச் சுழற்றினேன். "ஒந்து மாத்து ஹேள்தீனி மேடம். நான் நாராயணப்பா. சனிக்கிழமை பரோக்காகல்ல, வேற வேலை வந்துடுச்சு. திங்கட்கிழமைதான் வருவேன்." டீச்சர், "ஓ, தாராளமா" என்றார். குரலில் அப்படி ஒரு குஷி.

அதோடு வைத்திருக்கலாம். வைப்பேனா? புரோக்கர் என்றால் வண்டியைக் கொஞ்சம் மட்டம் தட்ட வேண்டாமா? "ஆனா மேடம், வண்டி ஆயில் குடிக்குதே. நீங்க சரியா பார்த்துக்கல போலிருக்கு" என்றேன். சக பாவிகளே, இங்கே கவனியுங்கள். மெக்கானிக்கிடம் நாம் வண்டியின் சீக்கைச் சொல்வோம், வாங்க வருகிறவனிடம் நம் வளர்ப்பைச் சொல்வோம். அப்பாவிடம் மூன்று நாளாகச் சொல்லாததை டீச்சர் என்னிடம் மூச்சு விடாமல் சொன்னார்.

"யாரு சரியா பார்த்துக்கல? மிஸ்டர் நாராயணப்பா, மூணு மாசம் முன்னாடி எங்க வாசல்ல சாக்கடையை உயர்த்திக் கட்டினாங்க. அதுக்கு மேல நாங்க சறுக்கு போட்டோம். அன்னிலேருந்து வண்டி அந்தச் சறுக்குலதான் நிக்குது, மூக்கு மேல தூக்கிக்கிட்டு. தினம் காலையில, வண்டியை அசைக்கறதுக்கு முன்னாடியே குச்சியை எடுத்துப் பார்த்து, குறையற அளவுக்கு ஆயில் ஊத்தறேன். ஒரு நாள் தவறினதில்ல. இதுக்கு மேல எப்படிப் பார்த்துக்கறதாம்?"

சும்மா தோன்றியது

போனை வைத்துவிட்டு ஜாப் கார்டின் பின்பக்கம் ஒரு கார் வரைந்து பார்த்தேன். மூக்கு மேலே, வால் கீழே. ஆயில் எல்லாம் பின்பக்கம் ஒதுங்கிவிடும். குச்சியோ முன்பக்கம். அது 'குறைச்சல்' என்றுதான் சொல்லும். டீச்சர் ஊற்றுவார். வண்டி தட்டையான ரோட்டுக்கு இறங்கினதும் ஆயில் அளவுக்கு மேலே நிற்கும். இன்ஜின் பாவம் என்ன செய்யும்? மூச்சுப் பைப் வழியாகக் கொஞ்சம் துப்பும், மிச்சத்தை எரித்துப் புகையாக விடும். மறுநாள் காலை திரும்பவும் சறுக்கு, திரும்பவும் குச்சி. வண்டிக்குச் சீக்கே இல்லை. பிடித்து வைத்து ஊட்டியிருக்கிறார்கள்.

அப்பா வந்ததும், "ஏம்ப்பா, டீச்சர் வண்டியை மேட்டுல நிறுத்தி வச்சு ஆயில் பார்க்கறாங்களோ என்னவோ?" என்றேன். அப்பா கையிலிருந்த பார்சல் மேஜைக்குப் போகாமல் அந்தரத்திலேயே நின்றது. "உனக்கு யார் சொன்னா?" "சும்மா தோணிச்சு." அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் மார்க் ஷீட்டைப் பார்த்து ஒரு நாளும் அப்படிப் பூரித்ததில்லை. "பாயி, கேட்டீங்களா, நம்ம புள்ளைக்கு மூளையைப் பாருங்க!" பாஷா பாய் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, பாப்பாவுக்குச் சும்மா எதுவும் தோணாது. யார் மாதிரியாச்சும் பேசினாத்தான் தோணும்."

சனிக்கிழமை

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். வண்டி சறுக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்படியே குச்சியை உருவினார். கீழ்க்கோட்டுக்கும் கீழே. "பார்த்தீங்களா?" என்று டீச்சர் ஆயில் டப்பாவோடு முன்னால் வந்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார். வண்டியைத் தள்ளித் தட்டையான ரோட்டில் நிறுத்தினோம். ஆயில் சமமாகப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பதும் வண்டியைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்பா குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்தார். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை! டீச்சர் குச்சியைப் பார்த்தார், சறுக்கைப் பார்த்தார், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "கடவுளே, மூணு மாசமா நானேவா?" என்றார். அப்பா கூடுதல் ஆயிலை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். முதலில் கொஞ்ச நேரம் இருமியது. அப்புறம் புகை மெலிந்து மெலிந்து இல்லாமலே போனது. வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, யாரும் சொல்லாமலே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குடை முதலில் இறங்கியது. நான் மெல்ல வண்டிக்குப் பின்னால் நகர்ந்தேன். இரண்டு நாள் கூடக் கேட்டவள், நிஜ ஆளுக்கு யார் சொல்வது என்று யோசிக்கவே இல்லையே! "என்ன மிஸ்டர் நாராயணப்பா, திங்கட்கிழமை வர்றேன்னு போன் பண்ணீங்களே?" என்றார் டீச்சர். "ஒந்து மாத்து ஹேள்தீனி மேடம், நான் போனே பண்ணல. உங்க நம்பரே என்கிட்ட இல்ல" என்றார் அவர். நான் பின்சக்கரத்தின் காற்றை ரொம்ப அக்கறையாகச் சோதிக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பெருமை பொங்கியது. "டீச்சர், நீங்க சறுக்குல நிறுத்தி ஆயில் பார்க்கறதை எங்க ஸ்டெல்லாதான் கண்டுபிடிச்சா. இந்தத் தெருப் பக்கமே வந்ததில்ல. சும்மா தோணிச்சாம்!"

டீச்சர் போர்டில் எழுதிய கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கினார். சறுக்கு விஷயத்தைச் சொன்னது ஒரே ஒருவரிடம். அந்த ஒருவர் போனே பண்ணவில்லை. நாராயணப்பாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. உதட்டோரம் துடித்தது. நான் வாக்குக் கொடுத்த சிரிப்பு அங்கேதான் புறப்பட்டது. நாராயணப்பா இன்னொரு 'ஒந்து மாத்து' ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்க சார், நான் வியாழக்கிழமை நாராயணப்பாகிட்ட முதல்ல பேசிக்கறேன். ஸ்டெல்லா, இங்க வா!"

ஆக, பழைய வண்டியில் ஆயில் எங்கே போகிறது என்பதை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மறைப்பதற்குத்தான் எந்த ஷெட்டிலும் வைத்தியம் கிடையாது.