கருமாதிப் பத்திரிகையில் அக்காவின் பெயர்

அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. ஆசை முழுவதும் அச்சில். தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கிய சிறிய கையச்சு இயந்திரம், லம்பா லைன் வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடுமுறை நாட்களில் அதில் வாழ்த்து அட்டைகள் அடித்துத் தெருவுக்கே கொடுப்பார். எழுத்துக் கோப்பது அக்கா. மை தடவுவது நான்.

எனக்கு எட்டு வயதில் அவர் இறந்தார். கருமாதிப் பத்திரிகையையும் அதில்தான் அடிக்க வேண்டும் என்றாள் பதினைந்து வயது அக்கா. கார் நிக்கோபார் உறவினர்களுக்கான கட்டு அன்றைய நாலு மணிக் கப்பலில் போயாக வேண்டும்.

சிப்பிகாட்டிலிருந்து வந்திருந்த பெரியப்பா வாசகம் எழுதித் தந்தார். அடியில் 'இங்ஙனம்' என்பதன் கீழ் என் பெயர் மட்டும். அக்கா எடுத்த முதல் தாளிலோ, என் பெயருக்கு மேலே அவள் பெயரும் இருந்தது.

"பொம்பளப் புள்ள பேரப் போட்டா ஊரு சிரிக்கும். எடு அத."

"நீங்களே எடுங்க பெரியப்பா. ஜல்தி. நாலு மணிக்கு ஜகாஜ்."

அவர் குனிந்து பார்த்தார். ஈய எழுத்துகள் இடவலம் மாறி நின்றன. எது யார் பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. விரலெல்லாம் மை.

"டேய், நீ ஆம்பளப் புள்ள. உங்க அக்கா பேரப் புடுங்குடா."

அக்கா என்னைத் தடுக்கவில்லை. நான் எழுத்துகளை இறுக்கியிருந்த ஆப்பைத் தளர்த்தி, சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெளியே ஓடி, மழைநீர் ஓடிய சாக்கடையில் எறிந்தேன். அவை என் பெயரின் எழுத்துகள்.

அந்த அளவில் அப்பாவிடம் இருந்ததே ஒரு கைப்பிடி எழுத்துதான். என் பெயரை மறுபடி கோக்க வழியில்லை.

"அப்ப என் பேரப் போடு," என்றார் பெரியப்பா.

"உங்க பேரு நீளம் பெரியப்பா. எழுத்து பத்தாது," என்றாள் அக்கா.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "அவ பேரே இருக்கட்டும். அடிங்க."

பத்திரிகை அக்காவின் பெயரோடு மட்டும் கப்பலேறியது. மகன் இருக்க மகள் எதற்கு என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று அவளே பதில் சொன்னாள். ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பி அன்று தன் பக்கம் நின்றான் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தாள். நான் மறுத்ததில்லை. சென்ற மாதம் அவள் இறந்தாள்.

உண்மை வேறு. கறுப்புக் கரையிட்ட தாளில் மேலே அப்பாவின் பெயர், கீழே எங்கள் பெயர்கள். அது சாகப்போகிறவர்களின் வரிசை என்று நினைத்தேன். என்னை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டேன். அடியில் நிற்கும் பெயர்கள், உயிரோடிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டியவர்களுடையவை என்பது எனக்குத் தெரியாது. அக்கா கேட்டது அந்தப் பாரத்தில் பாதியைத்தான் என்பதும் தெரியாது. முழுவதையும் கொடுத்துவிட்டேன்.