இரண்டாம் பாகத்தின் இரும்புக் கதவு

என் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பழைய கட்டடத்து லிஃப்டின் கப்பி, அவர் இடது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் வாங்கிக்கொண்டது. யாராவது உச்சுக்கொட்டினால், "ஜெயிச்சேன்னு காட்ட இது ஒண்ணு போதும்" என்று அந்தக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

வேலை முடிந்து வந்து குளித்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். சுரங்கத்தில் சிக்கிய ஒருத்தி தனியாக மேலே ஏறி வரும் வீடியோ கேம். அதில் எந்தப் பொத்தானின் வேலையையும் எந்தப் பொத்தானுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அவர் எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளிவிட்டு, நான்கு முறை அவளை வெளியே கொண்டுவந்துவிட்டார்.

இரண்டாம் பாகத்துக்கு மூன்று வருடம் காத்திருந்தார். விளம்பரக் குரல் தொண்டை கிழியக் கத்தியது: "முன்பைவிடப் பிரம்மாண்டம். முன்பைவிட ஆழம்." அந்தக் குரலை நான் அப்படியே செய்து காட்டினால் சித்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும்.

ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஓர் இரும்புக் கதவு. கன்ட்ரோலரின் பின்புறம், கட்டைவிரலுக்கு எட்டாத இடது ஓரப் பொத்தானையும் வலது ஓரப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் அது உயரும். மாற்றலாமா என்று தேடினோம். மாற்ற முடியாது.

முட்டியால் அழுத்தினார். கதவு பாதி ஏறி, அவள் தலையிலேயே இறங்கியது. முகவாயால் அழுத்தினார். மறுபடியும் நசுங்கினாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாள் சித்தி.

"கூடம் கோணல்தான். நான் ரசமட்டம் வெச்சே பாத்துட்டேன்."

அவர் டீ போடப் போன நேரத்தில் நான் இரண்டு பொத்தானையும் அழுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார்.

"யாரு திறந்தது?"

"நான்தான். அந்த ஒரு கதவுதானே சித்தப்பா, இனி நீங்க ஆடுங்க."

"அடுத்த கதவுக்கும் உன்னைக் கூப்பிடணுமா? முதல் பாகத்துல நான் யாரையாவது கூப்பிட்டேனா?"

ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, அதே கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

கம்பெனிக்கு எழுதினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. தேன் தடவிய குரலில் வாசித்தேன்: "அன்பு வீரரே, இரு கைகளின் ஒத்துழைப்பே இந்தப் பாகத்தின் உயிர். பயிற்சிப் பகுதியில் தினமும் பத்து நிமிடம் முயன்று பாருங்கள்."

சித்தப்பா சிரிக்கவில்லை. "பயிற்சி பண்ணா விரல் முளைக்குமாமா?"

சித்திக்கும் முகம் மாறிவிட்டது. "எந்தக் கடன்காரன் எழுதினான் அதை? இன்னொரு தடவை படி."

"முதல் பாகத்துல வழி இருந்துச்சு" என்றார் சித்தப்பா. "இருந்த வழியை அடைச்சிட்டுப் பிரம்மாண்டம்னு கத்துறான். நாங்க லிஃப்டைப் புதுசா மாத்துனா, நேத்து ஏறினவன் இன்னைக்கும் ஏறணும். இல்லன்னா அதுக்குப் பேர் ரிப்பேர்."

அவர் வேலையில் ஒரு முறை உண்டு. கதவு திறக்காமல் ஆள் மாட்டிக்கொண்டால் சீட்டு எழுத வேண்டும்: எந்தக் கதவு, என்ன பழுது, எத்தனை பேர். சரியாகும்வரை தினமும் காலையில் அதையே மறுபடி எழுதி அனுப்ப வேண்டும். அந்த முறையில் கம்பெனிக்கு எழுதத் தொடங்கினார். அவர் சொல்வார், நான் தட்டுவேன். இன்று பதினேழாவது சீட்டு.

"தொல்லைன்னு சொல்லி நம்மளை பிளாக் பண்ணிட்டா?" என்று கேட்டேன்.

"உள்ள மாட்டினவன் பெல் அடிச்சா, தொல்லைன்னு வயரைப் பிடுங்குவாங்களா? எழுது. இரும்புக் கதவு. திறக்கலை. மாட்டியிருக்கிறது ஒருத்தர்."

"ரெண்டுன்னு போடு" என்றாள் சித்தி. "அந்தப் பொண்ணும் அங்கேயேதானே நிக்குறா."