கிமோனோ அணியாத ஓவியர்

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து மூன்றில் நான் லண்டனின் கோலியர்ஸ் வுட்டுக்குக் குடிவந்த நாள் முதல் ஹருமி என் பக்கத்து வீட்டுக்காரர். ஜப்பானில் பிறந்தவர். பதினான்கு வருடங்களாக வண்ணத்தாலும் துணியாலும் அரூப ஓவியங்கள் செய்கிறார். அவருடைய முதல் தனிக் கண்காட்சி நாளை தொடங்குவதாக இருந்தது.

இன்று படங்களை மாட்டி முடித்ததும் கலைக்கூடத்துக்காரர் சொன்னார்: "நாளை நீங்கள் கிமோனோ அணிந்துதான் வரவேண்டும். படங்களில் ஜப்பானே தெரியவில்லை."

ஹருமி முதல் படத்தருகே போனார்.

படங்களைத் தன் கடை வேனில் ஏற்றிவந்த என் அண்ணன் மகன் சேகர் என் காதருகே குனிந்தான்.

"மாமி, ஒருநாள்தானே? ஓம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

"நீ என்ன, வேட்டி கட்டிக்கொண்டோ கடை திறக்கிறனீ?"

அதற்குள் ஹருமி முதல் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்.

"இப்போது கழற்றினால் இங்கே இனி இடமில்லை" என்றார் கலைக்கூடத்துக்காரர்.

ஹருமி இரண்டாவது படத்துக்குப் போனார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

ஒன்பது படங்களும் இப்போது என் முன்னறையில் நிற்கின்றன. நல்ல வெளிச்சமுள்ள மண்டபம் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். "இதிலை என்ன படம் கீறியிருக்கு?" என்று கேட்கும் எண்ணமுள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.