இஞ்சின் சூடு

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வரும் நோய் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சூடு. வாயில் புண் வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, வெளியே சொல்ல முடியாத இடத்தில் எது வந்தாலும் கண்டிப்பாகச் சூடுதான். அப்பா லாரி ஓட்டினார். அந்தப் பழைய வண்டியில் இஞ்சின் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நாக்பூர் போய்த் திரும்புவதற்குள் தொடை வெந்துவிடும் என்பார். அதனால் அவருக்குச் சூடு என்றபோது யாரும் சந்தேகப்படவில்லை. டிரைவருக்குச் சூடு இல்லாவிட்டால்தான் கோளாறு என்பதுபோலப் பேசிக்கொண்டார்கள்.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. எருமப்பட்டியில் இருந்தோம். லாரியில் போய்வரும் நடைக்கு நடை அப்பா மெலிந்துகொண்டே வந்தார். அம்மா வெந்தயம் ஊறவைத்தாள், மோர் கடைந்தாள், அவர் ஊரில் இருக்கும் சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். இளநீரும் நுங்கும் வந்து குவிந்தன. அதில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவருடைய நோயால் எனக்கு அந்தக் கோடை நன்றாகவே கழிந்தது.

அம்மாவுக்கு வேறொரு சந்தோஷம். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன் தன் லுங்கியைத் தானே துவைக்க ஆரம்பித்திருந்தார். "எங்க ஊட்டுக்காரரு அவரு துணிய என்னையத் தொடவே உடறதில்லீங்க" என்று குழாயடியில் அவள் சொல்ல, மற்ற பெண்கள் கொடுத்துவைத்தவள் என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஒருநாள் காலையில் அம்மா கடைக்குப் போயிருந்தபோது நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். துவைகல்லருகே அப்பா குந்தியிருந்தார். வாளித் தண்ணீர் சிவந்து கிடந்தது.

"என்னங்கப்பா, ரத்தமா?"

"சேச்சே, ரெட் ஆக்சைடு சாமி. வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சாங்க."

எங்கள் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோது மண்ணெண்ணெய் போட்டுத்தான் கை கழுவினோம், தண்ணீரில் போகவில்லையே என்றேன். பெரிய துப்பறியும் புலி! அப்பா வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"சூட்டுக்கு வாரதுதான், தானா நின்னுரும். அம்மாகிட்டச் சொல்லீராத அம்மிணி. பொம்பளைங்ககிட்டச் சொல்ற சமாச்சாரமா இது?"

நானும் பொம்பளைதானே என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற கர்வம்தான் தலைக்கேறியது. பள்ளிக்கூடம் திறந்து, காலாண்டுப் பரீட்சையும் முடிந்தது. நான் மூச்சு விடவில்லை.

நடுவில் ஒரே ஒரு தடவை அப்பா வாய் திறந்தார். அம்மாவின் தம்பி, அவரும் டிரைவர்தான், சாப்பிட வந்திருந்தார். "உக்காந்து ஓட்டவே முடியறதில்லடா" என்று அவரிடம் மெதுவாக ஆரம்பித்தார் அப்பா. மாமா விடுவாரா? "காத்தடிச்ச டியூப்பைப் போட்டு அதும்மேல உக்காருங்க மச்சான், சிம்மாசனமாட்ட இருக்கும்!" எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். பேச்சு அதோடு நின்றது. அடுத்த நடைக்கு நிஜமாகவே ஒரு டியூப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தச் சிரிப்பை, அதில் என் பங்கையும் சேர்த்து, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தீபாவளி கழிந்து ஒருநாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். அம்மா பதறிப்போய் ஆட்டோ பிடித்து நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். அப்பாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், உடம்பில் ரத்தமே இல்லையே என்றார். வெளியே போகும்போது ரத்தம் படுகிறதா, எத்தனை நாளாக என்று கேட்டார்.

ஒரு பக்கம் டாக்டரம்மா, ஒரு பக்கம் அம்மா, எதிரே நான். பாதி இந்தியாவை வண்டியிலேயே சுற்றிய மனுஷன் அந்த ஸ்டூலில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரமா, லேசாங்க."

"படுங்க, பார்த்துடலாம்."

"அய்யோ, வேண்டாங்க. சூடுதானுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு மாதம் என்பது எனக்குத் தெரியும். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு லேசாகத் தலையாட்டினேன்.

டாக்டர் விடவில்லை. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பொங்கல் கழியட்டும் என்றார் அப்பா. மாசியில்தான் போனார்கள். அதற்குள் குடலில் இருந்த கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டிருந்தது. அடுத்த ஆடிக்கு அப்பா இல்லை. எனக்கு ஒரு வார்த்தை தெரியாமல் போச்சே என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சொல்லிவிடாதே என்றுதான் அன்று டாக்டரம்மா முன்னால் அப்பா என்னைப் பார்த்ததாக நினைத்தேன். என்னால் முடியாததை நீயாவது சொல்லிவிடேன் என்று அவர் கேட்டிருக்கலாம் என்பது பத்து வயதில் எனக்கு எட்டவில்லை. திரும்பி வரும் ஆட்டோவில் அவர் என் கையை விடவே இல்லை. என்னைக் கெட்டிக்காரி என்று மெச்சுகிறார் என நினைத்து, வீடு வந்து சேரும்வரை பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.